டெசர்ட் வியூ கோபுரம்: போலிப் பழமையைப் பார்க்க நாற்பது கிலோமீட்டர் போக வேண்டுமா?

மார்ச் 2, 2024 – ஒரு வாசகரின் கேள்வி

மே மாதம் பெற்றோருடன் அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தென்விளிம்புக்குப் போகிறோம். கிழக்குக் கோடியில் இருக்கும் டெசர்ட் வியூ கோபுரத்தைப் படங்களில் பார்த்தபோது, செவ்விந்தியர்கள் எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு கட்டியது என்றே நம்பினேன். 1932இல் ஓர் ஓட்டல் நிறுவனம் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டியது என்று இப்போதுதான் தெரிகிறது. பழசு போலத் தோன்றும்படி செய்த கட்டடம் ஒன்றைப் பார்க்க, தங்கும் விடுதிகள் உள்ள கிராமத்திலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. போய்த் திரும்புவது வீண் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணம் சொல்லவும்.

மார்ச் 2, இரவு

மறுக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன தகவலில் தவறில்லை. ஃப்ரெட் ஹார்வி நிறுவனம் கட்டியதுதான். சான்டா ஃபே ரயில்வேயின் பணமும் அதில் உண்டு. உள்ளே இரும்புச் சட்டகம், கீழே காங்கிரீட் அடித்தளம், வெளியே கல் போர்வை. அந்த இரும்புச் சட்டகத்தை நிறுத்தியவர்கள் ரயில் பாலம் கட்டும் வேலையாட்கள். உயரம் 70 அடி. வடிவமைத்தவர் மேரி கோல்ட்டர் என்ற பெண். பெண்கள் கட்டடக் கலையில் தலைகாட்டுவதே அரிதாக இருந்த காலத்தில், தென்விளிம்பில் 1905இல் ஹோபி இல்லம் (ஹோபி என்பது இப்பகுதிப் பழங்குடி இனம்), 1914இல் ஹெர்மிட்ஸ் ரெஸ்ட், அதே ஆண்டில் லுக்அவுட் ஸ்டுடியோ என்று வரிசையாகக் கட்டிவிட்டு, அறுபது வயதைக் கடந்த பிறகு இந்தக் கோபுரத்துக்கு வந்தார்.

போலி என்ற சொல்லை ஏன் ஏற்கவில்லை என்றால், கோல்ட்டர் எதையும் மறைக்கவில்லை. பயணிகளை அழைத்து வரும் ஓட்டுநர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் அவரே ஒரு கையேடு எழுதி 1933இல் கொடுத்தார். எந்தப் பழங்கோபுரத்தின் நேர்நகலும் இதுவல்ல என்பதை அதில் தெளிவாகச் சொல்லியிருந்தார். யூட்டா எல்லையிலுள்ள ஹோவன்வீப்பின் வட்டக் கோபுரம், மெசா வெர்டேயில் குகைக்குள் நிற்கும் வட்டக் கோபுரம் ஆகியவற்றை நேரில் போய் ஆராய்ந்து, சிறு விமானம் ஒன்றை அமர்த்திக்கொண்டு வானிலிருந்தும் இடிபாடுகளைத் தேடிப் பார்த்து, அவற்றின் கட்டுமுறையைக் கற்றுக்கொண்டு, அவை எதிலும் இல்லாத உயரத்தில் இதைக் கட்டினார். இரண்டு பழங்கோபுரங்களும் இதன் அருகே நின்றால் சிறுபிள்ளைகள். நகலெடுப்பவர் அளவை மாற்றத் துணியமாட்டார்.

மார்ச் 3

நேற்று எழுதியது வாதத்துக்காக எழுதியது போல் இருக்கிறது. போய் நின்றால் என்ன தெரியும் என்பதைச் சொல்லவே இல்லை.

கிராமத்தின் முன்னாலுள்ள காட்சி முனைகளில் பள்ளம் தெரியும், பாறை தெரியும், அதைக் குடைந்த ஆறு சில துண்டுகளாகத் தெரிந்தால் அதிர்ஷ்டம். டெசர்ட் வியூவில் கொலராடோ ஆறு நீளமாகவே தெரிகிறது. மார்பிள் கேன்யனிலிருந்து தெற்கு நோக்கி வரும் ஆறு மேற்கே திரும்பும் வளைவு இந்த இடத்தின் கீழேதான். கோபுரம் நிற்கும் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து 7,400 அடிக்குச் சற்று மேல். ஆறு அதற்குக் கீழே ஏறத்தாழ 1,400 மீட்டர் ஆழத்தில். கிழக்கே திரும்பினால் பள்ளத்தாக்கு முடிந்து வண்ணப் பாலைவனமும் நவஹோ பழங்குடியினரின் நிலமும் தட்டையாக விரிகின்றன. தெற்கே சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்கள், குளிர்காலம் முடிந்து நெடுநாள் கழித்தும் உச்சியில் பனியோடு நிற்கும். கிராமத்திலிருந்து பார்ப்பவருக்குக் கிராண்ட் கேன்யன் தொடக்கமும் முடிவும் இல்லாத ஒன்று. இங்கே அது ஒரு சமவெளிக்குள் வெட்டப்பட்ட பள்ளம் என்பது முதன்முறையாகப் புரியும். கோபுரமே இல்லாவிட்டாலும் இதற்காகப் போகலாம்.

கோபுரமே இல்லாவிட்டாலும் என்று எழுதியதும், அப்படியானால் கோபுரம் எதற்கு என்று யாராவது கேட்கப்போகிறீர்கள். கேளுங்கள்.

மார்ச் 3, மாலை

கேட்டுவிட்டார்கள்.

பதில் சன்னல்களில் இருக்கிறது. கீழ்த்தளத்துக் கிவா அறையை (கிவா என்பது இப்பகுதிப் பழங்குடியினரின் சடங்கு அறை; அதைப் போல அமைத்தது இது) கடந்து மேலே ஏறும்போது, இடைத்தளங்களில் உள்ள திறப்புகள் சிறியவை, ஒழுங்கற்றவை. ஒன்றில் வானம் மட்டும், அடுத்ததில் ஒரு செம்பாறையின் தோள் மட்டும், இன்னொன்றில் விரற்கடை அளவுக்கு ஆறு. கண்ணை இப்படிப் பட்டினி போட்டு ஏற்றிவிட்டு, உச்சித் தளத்தில்தான் பெரிய கண்ணாடிச் சன்னல்களைச் சுற்றிலும் வைத்திருக்கிறார். விளிம்பில் காரை நிறுத்தியதும் முழுக்காட்சியையும் ஒரே விழுங்கலில் விழுங்கிவிட்டு, பத்து நிமிடத்தில் அடுத்த முனைக்குப் புறப்படுகிறவர்கள் நாம். கோல்ட்டர் அந்த அவசரத்தை அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். கட்டுவதற்கு முன் களிமண்ணில் மாதிரி செய்து பார்த்ததோடு நில்லாமல், உச்சியிலிருந்து என்ன தெரியும் என்று அறிய அதே இடத்தில் அதே உயரத்துக்கு மரத்தில் ஒரு சாரக்கோபுரம் எழுப்பிப் பார்த்தவர் அவர்.

மார்ச் 5

“சுவரில் பெரிய வெடிப்பு இருக்கிறதே, ஆபத்தில்லையா?” என்று கேட்ட நண்பருக்கு: அந்த வெடிப்பை வேலையாட்கள் வரைபடம் பார்த்துக் கட்டினார்கள். பழங்கோபுரங்கள் நிலம் இறங்கி வெடித்திருப்பதைக் கண்ட கோல்ட்டர், தமது கோபுரத்திலும் ஒரு வெடிப்பை வடிவமைத்தார். அருகில் சரிந்த சுவர்போல ஒரு கற்குவியலையும் அமைத்தார். பழங்கோபுரங்களைச் சுற்றி இடிபாடு இருக்கும் என்பதால் இங்கும் ஓர் இடிபாடு. கற்களைச் செதுக்கினால் உளித்தடம் காட்டிக்கொடுத்துவிடும் என்று, சுற்றுவட்டாரத்தில் காற்றும் மழையும் தேய்த்த கற்களாகப் பொறுக்கி, தேய்ந்த முகம் வெளியே தெரியும்படி அடுக்கச் செய்தார். தம் எண்ணப்படி வராத வரிசைகளைப் பிரித்துத் திரும்பக் கட்டச் சொல்லும் ஆள் என்று பெயர் எடுத்தவர்.

கற்பொறுக்கல் எனக்குச் சம்மதம். வெடிப்பு எனக்குச் சம்மதமில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அறுபது வயது வேடத்துக்குத் தலையில் மாவு தூவிக்கொண்ட இளம் நடிகரைப் பார்ப்பது போல.

மார்ச் 6

பெற்றோருடன் போகிறேன் என்று கேள்வியிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு எல்லோரும் கட்டடக் கலை பேசிக்கொண்டிருக்கிறோம், நானும் சேர்த்துத்தான்.

மின்தூக்கி இல்லை. மொத்தம் 85 படிகள். சில இடங்களில் குறுகலானவை, இறங்குகிறவர் ஒதுங்கினால்தான் ஏறுகிறவர் போகலாம். ஏழாயிரம் அடிக்கு மேலான உயரம் என்பதால் தாழ்வான ஃபீனிக்ஸ் நகரத்திலிருந்து நேராக வருகிறவர்களுக்கு மூச்சும் வாங்கும். என் அம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைக்காததால் அவர் ஏறவில்லை. கிவா அறையிலேயே இருந்தார். ஆனால் நாங்கள் மேலே பார்த்ததைவிட அவர் கீழே பார்த்ததைத்தான் வீடு திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம்.

அந்த அறையில் கணப்பு இருக்கிறது. கணப்புக்கு நேர் மேலே, புகைபோக்கி இருக்க வேண்டிய இடத்தில், பள்ளத்தாக்கை நோக்கிய பெரிய சன்னல். “நெருப்பு மூட்டினால் புகை எங்கே போகும்?” என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி, விறகடுப்பில் சமைத்துப் பழகியவர் அல்லவா. புகைவழியை ஒரு பக்கமாக வளைத்துச் சுவருக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். தலைக்கு மேலே உள்ள உத்தரங்கள், அருகிலுள்ள கிராண்ட்வியூ முனையில் இருந்த பழைய ஓட்டலைப் பிரித்தபோது கிடைத்த மரங்கள். ஆக, போலி என்று நாம் சண்டை போடும் கோபுரத்தின் கூரையில் அதைவிட மூத்த மரம் இருக்கிறது.

கிவா அறையின் மேல்தளம் திறந்த மாடம். அங்கே கறுப்புக் கண்ணாடிகள் பதித்த பெட்டிகள் உண்டு. முதுகைப் பள்ளத்தாக்குக்குக் காட்டிக்கொண்டு அந்தக் கண்ணாடிக்குள் பார்த்தால், கூசும் வெளிச்சம் அடங்கி, பாறைகளின் நிறமும் விளிம்பும் மட்டும் தனித்துத் தெரியும். நடுப்பகலில் வெளுத்துப்போய்த் தட்டையாகக் கிடக்கும் பள்ளத்தாக்கு, கண்ணாடிக்குள் மட்டும் மாலை நேரத்துப் பள்ளத்தாக்காக இருப்பது விந்தையான அனுபவம். வரிசையில் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பழுதான தொலைநோக்கி என்று எண்ணிக் கடந்து போகிறார்கள்.

மார்ச் 8

இப்போது சொல்லவிருப்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

கோபுரத்தின் முதல் மாடியில் உள்ளது ஹோபி அறை. அதன் சுவரோவியங்களை வரைந்தவர் ஃப்ரெட் கபோட்டி. அரிசோனாவின் இரண்டாம் மெசாவில் (மெசா என்பது உச்சி தட்டையான மேட்டுநிலம்) உள்ள ஷங்கோபாவி ஊரைச் சேர்ந்த ஹோபி ஓவியர். பெரிய வட்டத்துக்குள் அவர் தீட்டியிருப்பது ஹோபியரின் பாம்புக் கதை: ஆறு எங்கே போய் முடிகிறது என்று அறிய விரும்பிய இளைஞன் ஒருவன், உள்ளே குடைந்த மரத்தண்டுக்குள் அடைபட்டுக் கொலராடோவில் மிதந்து சென்று, பாம்பு மக்களிடம் சேர்ந்து, மழையை அழைக்கும் சடங்கைக் கற்று, அவர்களில் ஒருத்தியை மணந்து ஊர் திரும்புகிறான். நாககன்னிக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு யாரும் விளக்கவே வேண்டாம்.

இந்த ஆற்றில் படகில் இறங்கிய முதல் மனிதர் என்று பாடப்புத்தகங்கள் ஜான் வெஸ்லி பவலைச் சொல்லும்; 1869இல் அவருடைய படகுகள் இந்தக் கோபுரத்துக்குக் கீழே உள்ள வளைவைக் கடந்தன. கோல்ட்டர் பிறந்ததும் அதே 1869தான் என்பது தற்செயல். ஆனால் பவலை எங்கும் பெரிதாகக் காட்டாமல், அந்த ஆற்றின் முதல் பயணியாக ஒரு ஹோபி இளைஞனை ஹோபி ஓவியர் ஒருவரைக் கொண்டே தீட்டச் செய்தது தற்செயலாக இருக்க முடியாது. சிறிய சன்னலில் அந்த ஆறு தெரிகிறது, எதிர்ச் சுவரில் அந்த ஆற்றின் கதை இருக்கிறது. மேல்தளங்களில் ஃப்ரெட் கியரி என்பவர் வேறு இடங்களின் பாறை ஓவியங்களைப் பார்த்துப் படியெடுத்துத் தீட்டியிருக்கிறார், அவையும் அழகுதான். ஆனால் கியரி படியெடுத்தார், கபோட்டி தம் மக்களின் கதையைச் சொன்னார். இரண்டுக்கும் உள்ள தூரம் சுவரில் தெரிகிறது.

உங்கள் கேள்விக்கு என் உண்மையான பதில் இதுதான். கல் எந்த ஆண்டில் அடுக்கப்பட்டது என்பதைவிட, உள்ளே பேசுகிறவர் யார் என்பதைப் பாருங்கள். கபோட்டியின் சுவருக்காக நாற்பது கிலோமீட்டர் போகலாம்.

மார்ச் 9

ஹோபி அறையை “ஓட்டல்காரர்கள் ஏற்பாடு செய்த அலங்காரம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏற்பாடு செய்தது ஓட்டல் நிறுவனம்தான். பயணிகளைக் கவரப் பழங்குடியினரின் வாழ்க்கையைக் காட்சிப்பொருளாக்கிய வணிகம் அது, அதில் எனக்கும் ஐயமில்லை. நான் முதலில் போனபோது கிவா அறை முழுக்க நினைவுப்பொருள் கடையாக இருந்தது. சாவிக்கொத்துத் தாங்கிகளுக்குப் பின்னால் கணப்பு ஒளிந்துகொண்டிருந்தது. பிறகு தேசியப் பூங்கா நிர்வாகம் பொறுப்பேற்று, கடையை அகற்றி, ஓவியங்களைப் பழுதுபார்த்து, இந்தப் பள்ளத்தாக்கோடு உறவுடைய 11 பழங்குடி இனங்களின் கலைஞர்கள் வந்து தங்கள் கைவினையைச் செய்துகாட்டும் இடமாக டெசர்ட் வியூவை மாற்றத் தொடங்கியது. அண்மையில் போனபோது ஒரு வெள்ளிக் கொல்லர் பட்டறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிறு உளியை வெள்ளித் தகட்டின்மேல் நிறுத்தி ஒரு தட்டு, கால் அங்குலம் நகர்த்தி இன்னொரு தட்டு, தலை நிமிராமலே கேள்விகளுக்குப் பதில். ஹோபியரா நவஹோவா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

மார்ச் 11

கடிகாரம் பற்றி ஒரு வார்த்தை. நேற்று அமெரிக்காவில் கோடை நேரம் தொடங்கி, கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே போய்விட்டன. அரிசோனா அதைப் பின்பற்றுவதில்லை. அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நிலம் பின்பற்றுகிறது. நவஹோ நிலத்தால் சூழப்பட்ட ஹோபி நிலம் பின்பற்றுவதில்லை. டெசர்ட் வியூ நவஹோ எல்லைக்கு மிக அருகில் இருப்பதால், கைப்பேசி எந்த அலைக்கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். சூரிய அஸ்தமனத்தைத் தவறவிட்டோம் என்று பதறிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போங்கள்.

மார்ச் 14

“மேலே நின்று பார்த்தால் ஆறு ஓடைபோல இருக்கிறது, ஏமாற்றம்” என்ற கருத்துக்கு.

நீங்கள் தனியாள் அல்லர். 1540இல் கொரொனாடோ என்ற ஸ்பானியத் தலைவரின் படையிலிருந்து பிரிந்து வந்த கார்சியா லோபெஸ் தெ கார்தெனாஸ் என்ற ஸ்பானியரும் அவருடைய ஆட்களும்தான் இந்தப் பள்ளத்தாக்கைக் கண்ட முதல் ஐரோப்பியர்கள். அழைத்து வந்தவர்கள் ஹோபியர். அவர்கள் நின்ற இடம் டெசர்ட் வியூவுக்கும் அதற்கு மேற்கே உள்ள மோரன் முனைக்கும் இடையில் எங்கோ இருக்கலாம் என்பது பலரின் கணிப்பு. மேலிருந்து பார்த்த அவர்களுக்கும் ஆறு ஓர் ஆள் உயர அகலத்துக்கே தோன்றியது. மூன்று நாள் வழி தேடி, கடைசியில் உடல் இலகுவான மூன்று பேர் இறங்கிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு ஆழம்தான் போக முடிந்தது. மேலிருந்து மனித உயரமாகத் தெரிந்த பாறைகள் செவில் நகரத்துப் பெருங்கோபுரத்தைவிட உயரமானவை என்று திரும்பி வந்து சொன்னார்கள். உப்பெடுக்க இந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்கிப் பழகிய ஹோபியருக்கு வழி தெரியாமல் இருந்திருக்காது. அவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதை ஊகிப்பது கடினமில்லை.

இந்த நிலத்தில் அளவு பிடிபடாது என்பதற்காகச் சொல்கிறேன். 70 அடிக் கோபுரத்தைச் சற்றுத் தள்ளி விளிம்பின் அடுத்த முனையிலிருந்து திரும்பிப் பாருங்கள்; பாறையின் நுனியில் ஒரு கற்குமிழ், அவ்வளவே. கோல்ட்டர் இன்னும் இருபது அடி கூட்டியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது, ஆனால் பாறையின் நிறத்தை விட்டு ஒரு சாயல் விலகியிருந்தாலும் உறுத்தியிருக்கும்.

ஆற்றின் நிறமும் கவனிக்கத் தக்கது. மேலே க்ளென் கேன்யன் அணை 1963இல் ஆற்றை மறித்த பிறகு வண்டல் அங்கேயே தங்கிவிடுவதால், பெரும்பாலான நாட்களில் பச்சையாகத் தெரியும். கோடை மழையில் லிட்டில் கொலராடோ என்ற கிளையாறு பெருகி வந்து கலந்தால் மட்டும் பழைய செம்பழுப்பு திரும்பும்.

மார்ச் 16

விமான விபத்து நினைவுப் பலகையைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: 1956 ஜூன் 30 அன்று இரண்டு பயணிகள் விமானங்கள் இந்தப் பள்ளத்தாக்கின் மேலே மோதிக்கொண்டன, 128 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விழுந்த இடம் லிட்டில் கொலராடோ வந்து சேரும் முனைக்கு அருகிலுள்ள இரண்டு குன்றுகள். அக்காலத்தில் கட்டுப்பாட்டு நிலையங்கள் வானம் முழுவதையும் கண்காணிக்கவில்லை. அந்த விபத்து எழுப்பிய கேள்விகளே 1958இல் அமெரிக்காவில் வான் போக்குவரத்துக்குத் தனி மத்திய அமைப்பு உருவாக ஒரு முக்கியக் காரணம். பலகை கோபுரத்துக்குப் போகும் பாதையருகே இருக்கிறது. பிள்ளைகள் பலகையின்மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 19

பழமையே வேண்டும் என்று இன்னமும் அடம்பிடிக்கிறவர்களுக்கு ஓர் இடம் சொல்கிறேன். கோபுரத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் மேற்கே, சாலையோரத்தில் டுசாயன் இடிபாடு இருக்கிறது. 1185ஆம் ஆண்டை ஒட்டி ஹோபியரின் முன்னோரான மூதாதைப் புவெப்லோ மக்கள் கட்டிய குடியிருப்பு. முழங்கால் உயரச் சுவர்கள், ஒரு வட்டக் கிவாவின் அடித்தளம், சுற்றிலும் பின்யான் என்ற குட்டைப் பைன் மரங்கள். ஒட்டு இல்லை, வேடம் இல்லை. நான் போகும்போதெல்லாம் வண்டி நிறுத்தக் காலியிடம் தாராளமாகக் கிடைக்கிறது. கோபுரத்தில் இடம் தேடி வட்டமடிக்க வேண்டியிருக்கிறது. உண்மையான பழமைக்கு ஏங்குகிறோம் என்கிற நாம் எங்கே வண்டியை நிறுத்துகிறோம் என்று பாருங்கள்.

இந்த இடிபாட்டைப் பார்த்தபிறகு, மார்ச் 5 அன்று திட்டிய வெடிப்பைப் பற்றி மீண்டும் யோசித்தேன். முழங்கால் சுவரைப் பார்த்து ஒரு கோபுரத்தை மனத்தில் கட்டிக்கொள்ளும் பயிற்சி பெரும்பாலோருக்கு இல்லை. அதைக் கட்டிக் காட்ட வேண்டும் என்று ஒருவர் நினைத்தது நியாயம். கட்டியதோடு நிறுத்தியிருக்கலாம் என்பதுதான் இப்போதும் என் நிலை. ஏனென்றால் வெடிப்பையும் இடிபாட்டையும் சேர்த்துப் பார்க்கிறவர், இதைக் கட்டிய மக்கள் அழிந்துபோனார்கள் என்ற எண்ணத்தோடு இறங்கி வருகிறார். அவர்களுடைய வழித்தோன்றல்கள் கிழக்கே மெசாக்களின்மேல் இன்றும் சோளம் விதைத்துக்கொண்டிருக்கிறார்கள்; அவர்களில் ஒருவர் உள்ளே சுவரில் கையெழுத்தும் இட்டிருக்கிறார். வெளிச்சுவர் ஒன்று சொல்கிறது, உட்சுவர் வேறொன்று சொல்கிறது.

மார்ச் 20

கேள்வி கேட்டவர் மனம் மாறி, எந்த வழியாக வருவது என்று கேட்டிருக்கிறார். கிராமத்திலிருந்து வருவதாக இருந்தால் சொந்த வண்டி அல்லது கட்டண உலா வேண்டும். பூங்காவின் இலவசப் பேருந்துகள் டெசர்ட் வியூ வரை வருவதில்லை. வடக்கே உள்ள பேஜ் ஊர்ப் பக்கமிருந்து வருவதாக இருந்தால் கேமரன் ஊரில் திரும்பி, 64ஆம் எண் சாலையில் கிழக்கு வாயில் வழியாக நுழையுங்கள். முதலில் கோபுரம், பிறகு டுசாயன், பிறகு மோரன் முனை என்று ஒழுங்காக அமையும்.

பிற்பகலில் வந்து சேருங்கள். கோபுரத்துக்கு வடக்கே நீளும் பாலைவன அரண்கள் என்ற செங்குத்துப் பாறைகள் மேற்கைப் பார்த்து நிற்பதால், சாயும் வெயில் முழுவதும் அவற்றின்மேல் விழும். ஆனால் மேல்தளங்களைக் கோபுரம் மூடுவதற்கு முன்பே அடைத்துவிடுவார்கள், நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே முதலில் ஏறிவிட்டு, ஹோபி அறையில் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, அஸ்தமனத்துக்கு வெளியே விளிம்புக்கு வந்துவிடுங்கள். உச்சித் தளத்துக் கண்ணாடியில் அந்நேரம் உங்கள் முகம்தான் தெரியும். பெற்றோரைக் கிவா அறையிலும் மாடத்திலும் விட்டுச் செல்லலாம். மே மாதத்திலும் அங்கே மாலையில் காற்று குளிரும். அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் காரிலேயே கிடக்கட்டும்.